கடலுக்கு ஒரு அடங்கல்

எங்கள் கிணற்றில் வாளியை விட்டு இறைத்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு உடனே துப்பினார். "உப்புதான். ஆனா இது கடல் உப்பு இல்ல தம்பி" என்றார். மறுபடியும் காறித் துப்பினார். "கடல்தண்ணி வாயில பட்டா கரிக்கும், அவ்வளவுதான். இது தொண்டையில போயி ஒட்டுது பாத்துக்கிடுங்க."

சொன்னவருக்கு அறுபத்தெட்டு வயது. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் ஐம்பது வருஷமாக மீன்பிடித் தொழிலுக்குப் போய் வருபவர். வேலூரில் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் நர்ஸ் பெண்ணின் அப்பா. மூட்டு வலிக்கு வைத்தியம் பார்க்க மகளிடம் வந்து மூன்று வாரம் தங்கினார். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத மனிதர். முதல் வாரமே என்னோடு மீன் மார்க்கெட்டுக்கு வந்தார். வஞ்சரத்தைப் பார்த்து "சீலா நல்லாருக்கே" என்றார். கடைக்காரர் பக்கத்துத் தட்டில் கிடந்த நீள மூக்கு மீனைக் காட்டி "ஷீலா இது, பெரியவரே" என்றார். "அது ஊளி" என்றார் இவர். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் மத்தி அவருக்குச் சாளை. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் எங்களுக்கு மீன் என்பது ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வருவது. எந்தக் காற்றில், எந்த நீரோட்டத்தில் அது வலையில் ஏறியது என்று நாங்கள் கேட்டதே இல்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும் என்று அவராகவே கேட்டார். ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரை. போகிற வழியில் ஆற்றைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். "இவ்வளவு அகலமா? தண்ணி எங்க?" என்று கேட்டார். 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதைச் சொன்னேன். மற்ற நாளில் மணலும் சீமைக்கருவேலமும்தான். "எங்க போயி சேருது?" கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், வயலூரில் கடலில் கலக்கிறது என்றேன். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீரைத் துப்பிய பிறகு சொன்னார்: "அப்ப இதுவும் எங்க கடலுக்குத்தான் வந்திருக்கு."

அதன் பிறகு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துகொண்டு அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "எங்க கடல்ல காத்தாடி போடப் போறாங்களாம். நீங்க படிச்சவரு. அது நல்லதா, கெட்டதா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் பள்ளியில் வேதியியல் நடத்துபவன். காற்றாலை வேண்டும் என்று வகுப்பில் சொல்பவன். லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கிணற்றுக்குப் போகும்போதெல்லாம் அளந்து பார்ப்பவனும்கூட. அன்றைக்கும் அது 3,000-ஐத் தாண்டி நின்றது. குடிநீருக்கு 500 போதும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. ஒரு தலைமுறைக்கு முன்னால் "தொழில் வருகிறது, ஊர் வளரும்" என்று இதே கரையில் சொன்னார்கள். அதுவும் பொய்யில்லை. ஊர் வளர்ந்தது, கிணறு போனது.

அந்தக் கிணறு தாத்தா வெட்டியது. பங்குனி வெயிலில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்து முடித்துவிட்டு, தோண்டியில் மொண்டு குடித்தால் இளநீர் மாதிரி இருக்கும் என்று அப்பா சொல்வார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்தில் அப்படி இருந்திருக்கிறது. எழுபதுகளில் குரோம் பதனிடுதல் பரவியது. பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு ஒரு பக்கம், குரோமியம் ஒரு பக்கம் என்று எல்லாம் வாய்க்காலில் இறங்கியது. வாய்க்கால் ஏரிக்குப் போனது, ஏரி ஆற்றுக்குப் போனது, ஆற்று மணல் வழியாகக் கிணற்றுக்குள் வந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தேங்காய் சாத்துக்குடி அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. அம்மா ரெண்டு மைல் தள்ளி ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து பருப்புக்கு மட்டும் ஒரு குடம் தனியாகக் கொண்டுவருவார். அந்தக் குடத்தை எங்களைத் தொடவிட மாட்டார்.

டேனரி என்கிற தோல் ஆலைகளும் ஷூ கம்பெனிகளும் எங்கள் பக்கம் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. என் சித்தி மகள்கள் இரண்டு பேர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்துதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தச் சோற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். கேள்வி, யாருடைய தண்ணீரை விலையாகக் கொடுத்தோம், யாரைக் கேட்டுக் கொடுத்தோம் என்பது.

இழப்பீட்டுக்கு மனுக் கொடுத்த காலத்தில் ஒரு அதிகாரி நிலத்தைப் பார்க்க வந்தார். தன்மையாகத்தான் பேசினார். "முன்னாடி இந்தத் தண்ணி நல்லா இருந்துச்சுன்னு என்ன ஆதாரம் வெச்சிருக்கீங்க?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா அடங்கல் நகலை எடுத்து நீட்டினார். எந்த சர்வே எண்ணில், எந்தப் பசலியில் என்ன பயிர் என்று கிராமக் கணக்கில் எழுதுவார்களே, அது. பசலி 1385-ல், அதாவது 1975-76-ல், நெல், கரும்பு. பசலி 1401-ல், அதாவது 1991-92-ல், தரிசு. அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பயிர்க் கணக்கு. தண்ணிக் கணக்கு எங்கே?" என்றார். அப்பா வாயடைத்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தண்ணீருக்கு யார் கணக்கு எழுதி வைத்தார்கள்? நன்றாக இருக்கும்போது எழுதத் தோன்றவில்லை. கெட்ட பிறகு எழுதியதெல்லாம் கெட்டதின் கணக்காகவே இருந்தது. வருஷங்கள் கழித்து வந்த பணம் ஒரு போர்வெல் போடக்கூடப் போதவில்லை.

இந்தியாவில் சட்டம் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் வேலூர் என்ற பெயர் தெரியும், எங்கள் வெயிலுக்காக அல்ல. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் டேனரிக் கழிவுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற ஆய்வுக் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 'கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும்' என்பதும் 'முன்னெச்சரிக்கைக் கோட்பாடு' என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அன்றைக்குத்தான் தெளிவாக அறிவித்தார்கள். அந்தக் கோட்பாடு சொல்வது இதுதான். மீட்க முடியாத கேடு வரும் என்ற அச்சம் இருந்தால், 'அறிவியல் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை' என்பதைச் சாக்காக வைத்துத் தடுப்பு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. தன் செயலால் கேடு இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அந்தத் தொழிலைச் செய்பவர். பாதிக்கப்படுபவர் ஆதாரம் தேடி அலையக் கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தை நான் பல முறை படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அப்பா நினைவுக்கு வருவார். 2025 ஜனவரி 30-ல் அதே பாலாறு, அதே டேனரிக் கழிவு, அதே இழப்பீடு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் இருபத்தெட்டு வருஷம். அப்பா இரண்டாவதைப் பார்க்கவில்லை.

சரி, கடலுக்கு வருகிறேன்.

காற்றை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2012-ல் எங்கள் பக்கம் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்ததை அனுபவித்தவன் நான். ஈரத் துணியைப் பிழிந்து கைக்குழந்தைக்கு மேல் விசிறியபடி ராத்திரியைக் கழித்தோம். ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கி முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் சுற்றினால்தான் எங்களுக்கு இங்கே மின்விசிறி சுற்றும் என்று அப்போதுதான் புரிந்தது. தென்கோடிக் காற்றுக்கும் வேலூர் வெயிலுக்கும் அப்படி ஒரு சொந்தம். தரையில் நல்ல காற்று அடிக்கும் இடங்களில் பழைய, சின்னக் காற்றாலைகள் நிரம்பியிருக்கின்றன. அவற்றில் பலவும் 500 கிலோவாட்டுக்கும் குறைவானவை. கடலில் நிறுத்தும் இன்றைய காற்றாலை ஒன்றே 8 முதல் 15 மெகாவாட் வரை கொடுக்கும்.

மத்திய அரசு 2015-ல் கடல் காற்றாலைக் கொள்கையை அறிவித்தது. குஜராத் கடலிலும், கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத் தமிழகக் கடலிலும் எட்டு எட்டு மண்டலங்களைக் குறித்தார்கள். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத்தில் 500 மெகாவாட், தமிழ்நாட்டில் 500 மெகாவாட், அதோடு துறைமுக வசதிக்கு 600 கோடி. இதை எழுதும்போது இந்தியக் கடலில் மின்சாரம் தரும் காற்றாலை ஒன்றுகூட இல்லை. அந்த ஒன்றுகூட இல்லாத நேரம்தான் நமக்குக் கிடைத்திருக்கிற நல்ல நேரம் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்தக் கடல் சும்மா கிடக்கும் கடல் இல்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள். 1986-ல் கடல் தேசியப் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம், மொத்தம் 10,500 சதுர கிலோமீட்டர். நூற்றுக்கு மேற்பட்ட பவள வகைகள். கடல் புல் மேயும் ஆவுளியா என்கிற கடல் பசு. அதற்காகவே பாக் விரிகுடாவில் 2022-ல் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது தமிழ்நாடு அரசு. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு இன்றைக்குத் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறையை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம். பெரியவர் சின்னப் பையனாக இருந்தபோது பவளக் கல் ஏற்றிய வள்ளங்களைப் பார்த்திருக்கிறார். "அப்ப அதுவும் தொழில்தான் தம்பி. யாரும் தப்புன்னு சொல்லல" என்றார். ஆற்றங்கரையில் நாங்கள் சொன்னதும் அதே வார்த்தை.

கடல் காற்றாலை பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வருவது அமெரிக்கத் திமிங்கிலங்கள். என் சக ஆசிரியர் ஒருவரே 'காற்றாலை திமிங்கிலத்தைக் கொல்கிறது' என்ற வீடியோவை எனக்கு அனுப்பினார். உட்கார்ந்து படித்தேன். 2022 டிசம்பர் தொடங்கி நியூயார்க், நியூஜெர்சி கரைகளில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அடுத்தடுத்து செத்து ஒதுங்கின. அந்தக் கடலில் காற்றாலைக்காகக் கடல் தரையை ஒலியால் அளக்கும் வேலை நடந்துகொண்டிருந்ததால் பழி அதன் மேல் விழுந்தது. ஆனால் மெய்ன் முதல் புளோரிடா வரை கூன்முதுகுகள் வழக்கத்துக்கு மாறாகச் சாவதாக அமெரிக்க அரசின் கடல் துறையான நோவா கணக்கு வைப்பது 2016 ஜனவரியிலிருந்து. அப்போது அந்தக் கரை முழுவதற்கும் ரோட் ஐலண்டில் எழும்பிக்கொண்டிருந்த ஐந்தே ஐந்து காற்றாலைகள்தான். அறுத்துச் சோதித்த திமிங்கிலங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பதில் கப்பல் மோதிய அடையாளமோ வலையில் சிக்கிய அடையாளமோ இருந்தது. காற்றாலை ஆய்வு வேலைக்கும் சாவுக்கும் தொடர்பு காட்டும் சான்று இல்லை என்றது நோவா. எண்ணெய் தேட வெடிக்கும் காற்றுத் துப்பாக்கிகளோடு ஒப்பிட்டால் அந்த அளவைக் கருவிகளின் சத்தம் மிகவும் குறைவு.

2025 ஜனவரி 20-ல் பதவியேற்ற அன்றே அமெரிக்க அதிபர் டிரம்ப் கடலில் புதிய காற்றாலைக் குத்தகைகளை நிறுத்தினார். அதே நாளில் எண்ணெய், எரிவாயுவைக் கூட்ட அவசரநிலையும் அறிவித்தார். எனக்கு இதில் கோபம் உண்டு. திமிங்கிலத்தின் பெயரைச் சொல்லிக் காற்றை நிறுத்திவிட்டு எண்ணெய்க்குக் கதவைத் திறந்தால், அந்தத் திமிங்கிலத்துக்கு அதில் என்ன கிடைத்தது? முன்னெச்சரிக்கை என்ற சொல் எங்கள் ஊர்த் தண்ணீரை விலையாகக் கொடுத்துச் சட்டத்துக்குள் வந்தது. அதை யார் வேண்டுமானாலும் எடுத்து, பிடிக்காத வேலையை நிறுத்தவும் பிடித்த வேலைக்குக் கண்ணை மூடிக்கொள்ளவும் பயன்படுத்துவதைப் பார்க்க எரிகிறது.

பெரியவரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். முழுதும் பார்த்தார். "எங்க ஊருப் பக்கம் திமிங்கிலம் வந்தப்ப காத்தாடி ஏது?" என்று கேட்டார். 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கரைகளில் ஏறத்தாழ 80 திமிங்கிலங்கள் ஒதுங்கின. குறுந்துடுப்பு பைலட் திமிங்கிலங்கள், கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம். மீனவர்கள் ராத்திரியெல்லாம் இழுத்துக்கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். அவை திரும்பவும் கரைக்கே வந்தன. 1973 ஜனவரியிலும் இதே கடலோரத்தில் 147 ஒதுங்கியிருக்கின்றன. "அப்ப எங்க அப்பா போயிப் பாத்துட்டு வந்து சொன்னாரு. ஒண்ணு ஒதுங்குனா எல்லாம் வரும்னு" என்றார்.

அதனால் காற்றாலைக்கு ஒரு பாவமும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அது சுத்தியல் அடி.

கடலில் காற்றாலை நிற்க, பெரும்பாலும் ஒரு பெரிய இரும்புக் குழாயைத் தரையில் அறைந்து இறக்குகிறார்கள். ஒரு குழாய்க்கு ஆயிரக்கணக்கான அடி. தண்ணீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் ஓடும், காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். கண்ணை நம்பாமல் காதை நம்பி வாழும் பிராணிகளுக்கு அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் பகுதியில் அடி விழுந்தபோது ஹார்பர் போர்ப்பாய்ஸ் என்ற, ஓங்கலுக்கு (டால்பினுக்கு) நெருங்கிய சின்ன இனம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரை விலகி ஓடியது. அடி நின்ற பிறகு திரும்பி வந்தது. திரும்பி வந்தது என்பது நல்ல செய்திதான். அதைச் சொல்ல முடிந்ததற்கே காரணம், அடி விழுவதற்கு முன்னால் அங்கே எத்தனை இருந்தன என்று அவர்கள் கேட்டு எழுதி வைத்திருந்தது. எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது இந்த இடம்தான்.

சத்தத்தைக் குறைக்கவும் வழி இருக்கிறது. குழாயைச் சுற்றிக் கடல் தரையில் துளையிட்ட ரப்பர்க் குழாயைப் போட்டு, காற்றை அழுத்தி விட்டால் குமிழிகள் திரைபோல எழும்பும். ஒலி அதில் மோதி அடங்கும். ஜெர்மனியில் 750 மீட்டர் தள்ளி 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். வரம்பு வந்ததால்தான் இந்தத் திரைகள் தேறின. (தண்ணீருக்குள் சொல்லும் டெசிபலும் காற்றில் சொல்லும் டெசிபலும் வேறு அளவுகள். இரண்டையும் கலந்து 'ஜெட் விமானச் சத்தம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.) முதல் அடிகளை மெல்ல அடித்து, பிராணிகள் விலக நேரம் கொடுப்பதும் வழக்கம். அமெரிக்காவில் 400-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் வரும் மாதங்களில் அடிக்கவே கூடாது என்றும் விதித்திருக்கிறார்கள்.

மாதம் என்றதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த மாசம் அடிப்பாங்க?" நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. கடலில் படகு இல்லாத காலம் அதுதானே, அப்போது வேலையை முடித்துவிடலாம் என்று யாராவது ஒரு திட்டக்காரருக்குத் தோன்றும். மீன் முட்டை போடும் காலம் என்பதற்காகத்தான் தடையே. "நாங்க வலையைக் கரையில ஏத்தி வச்சிட்டு பட்டினி கெடக்குறது எதுக்கு? அதுல போயி அடிச்சா?" என்றார். பங்குனி ஆமை தை, மாசியில் கரைக்கு வரும். கச்சான் அடிக்கும் மாதத்தில் ஒரு மீன், வாடைக்கு ஒரு மீன். எந்த மாதம் யாருக்குச் சொந்தம் என்று அவருக்கு மனப்பாடம். நான் கேட்டுக்கொண்டே ஒரு தாளில் எழுதினேன். பன்னிரண்டு மாதமும் நிரம்பிவிட்டது. காலியாக ஒரு மாதமும் இல்லை.

இன்னொன்றும் கேட்டார். ஐரோப்பாவில் காற்றாலைக் கால்களில் சிப்பி ஒட்டி, நண்டு சேர்ந்து, மீன் கூடுகிறது, சீல்கள்கூடக் கால் காலாகப் போய் இரை தேடுகின்றன என்று சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. "பார் மாதிரி" என்றார். கடலடிப் பாறைக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. அரசே சிமெண்டுத் தொட்டி இறக்கிச் செயற்கைப் பார் போட்டிருக்கிறது, அதில் மீன் வந்ததை அவர் பார்த்திருக்கிறார். "மீன் வரும். நான் போகலாமா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில் இல்லை. பெல்ஜியத்தில் காற்றாலைப் பண்ணைக்குள் மீன்பிடிக்கக் கூடாது. பிரிட்டனில் பெரும்பாலும் போகலாம், ஆனால் கடலடி மின்கம்பியில் வலை மாட்டும் என்று பயந்து பலர் போவதில்லை. நம்மூரில் என்ன விதி என்பதைக் கோபுரம் நின்ற பிறகு பேசினால் தோற்பது நாட்டுப்படகுக்காரர். விசைப்படகு வேறு இடம் தேடிப் போகும். அவருடைய வள்ளம் எவ்வளவு தூரம் போகும்? உள்ளே போக முடியாத விசைப்படகுகள் கரைப் பக்கம் தள்ளிவந்தால் இருக்கிற இடத்திலும் நெருக்கடி. 2025 ஜனவரியில் சென்னைக் கடலோரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதற்கு இழுவைமடியில் சிக்கி மூச்சடைத்ததே காரணம் என்றார்கள். கடலுக்கு இன்றைக்கு இருக்கும் பெரிய கேடுகளில் காற்றாலை இன்னும் சேரவே இல்லை. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாப் பவளம் வெளிறியது கடல் சூடானதால். அந்தச் சூட்டைக் குறைக்கத்தான் காற்று வேண்டும் என்கிறோம். இந்த முடிச்சை அவிழ்க்காமல் ஒரு பக்கம் சாய்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

எதிர்க்கரையில், இலங்கையின் மன்னார் தீவில் 2020 முதல் 30 காற்றாலைகள் நிற்கின்றன. அவை தரையில்தான். ஆனாலும் வலசைப் பறவைகளுக்கு என்ன ஆகிறது, மழைநீர் வடியாமல் ஏன் நிற்கிறது என்று அங்குள்ள தமிழ் மக்கள் கேட்டார்கள், தெருவில் இறங்கினார்கள். காற்றாலை வேண்டாம் என்பதைவிட, எங்களைக் கேட்காமல் வந்தது என்பதுதான் அவர்கள் குரலில் எனக்குக் கேட்டது.

அதனால் பெரியவருக்கு நான் சொன்ன பதில் இது. நல்லதா கெட்டதா என்று இன்றைக்கு யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். கடலுக்கு முதலில் அடங்கல் எழுதச் சொல்லுங்கள். ஒரு அடி விழுவதற்கு முன்னால், குறைந்தது இரண்டு வருஷம், எல்லாக் காற்றிலும், எல்லா மாதத்திலும். தண்ணீருக்குள் ஒலிவாங்கி இறக்கி ஓங்கல் எத்தனை, எங்கே, எப்போது என்று கேட்கட்டும். கடல் புல் எங்கே, பார் எங்கே, எந்த ஊர் வள்ளம் எந்த இடத்தில் வலை போடுகிறது, எவ்வளவு பிடிக்கிறது என்று வரையட்டும். அதற்குப் பணம் கட்டுபவர் கட்டப்போகிறவர், எண்ணுபவர் அவருடைய ஆளாக இருக்கக் கூடாது. எழுதியது தமிழில், ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டும்படி இருக்க வேண்டும். தேசியப் பூங்காவையும் பவளத்தையும் ஒட்டிய இடம் பேச்சுக்கே வரக் கூடாது. இழப்பீட்டுப் பணம் கெட்ட பிறகு கேட்டு வாங்குவதாக இல்லாமல் முதல் நாளே ஒதுக்கி வைத்ததாக இருக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் செலவு கூடும், வருஷம் தள்ளும், எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு மின்கட்டணத்தில் அந்தச் செலவு ஏறினால் கட்ட நான் தயார். நாங்கள் கட்டாமல் விட்ட ஒரு விலையைத்தான் இந்தக் கிணறு நாற்பது வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறது.

"தரையில காத்தாடிக்கு இதெல்லாம் பாக்குறாங்களா?" என்று கேட்டார். 2006-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லவே இல்லை என்றேன். கடலுக்கான 2015 கொள்கையில் அந்த ஆய்வு பற்றிப் பேச்சு உண்டு. பேச்சு எப்படிச் செயலாகும் என்பது யார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கொஞ்ச நேரம் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "கணக்கு நான் எழுதி வச்சிருக்கேன் தம்பி."

எனக்குப் புரியவில்லை. பங்கு பிரிக்கத் தினமும் நோட்டில் எழுதுவாராம். என்ன காற்று, நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம், எந்த இடம், என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை. கல்யாணமான புதிதில் மனைவி சொன்னதற்காக ஆரம்பித்த பழக்கம். "பங்குல சண்டை வரக்கூடாதுல்ல, அதுக்காக எழுதுனது. பழைய நோட்டு கொஞ்சம் மழையில போச்சு. மத்தது பெட்டியில கெடக்கு."

கிறிஸ்துமஸ் லீவுக்குப் போன மகள் திரும்பி வரும்போது ஒரு துணிப்பையில் பதினொரு நோட்டு கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "அப்பா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்கண்ணா. பத்திரமா திருப்பிக் குடுக்கணுமாம்." பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டுகள். ஓரம் உப்பேறி விறைத்திருந்தது. சில பக்கங்களில் செதில் ஒட்டிக் காய்ந்து கண்ணாடிபோல மின்னியது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து போனில் படம் எடுக்கிறேன். அப்பாவின் அடங்கல் நகலை வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரை இவற்றுக்குக் காலி செய்து கொடுத்தேன். அடங்கல் இப்போது அவற்றுக்கு அடியில் இருக்கிறது.

'கொண்டல். நீவாடு வடக்க. சாளை 40 கிலோ. ஊளி 6.' இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது. நேற்று ஏழாவது நோட்டுக்கு வந்தேன். தேடிக்கொண்டிருந்த தேதியில் காற்றும் இல்லை, கிலோவும் இல்லை, விலையும் இல்லை.

'12-1-2016. தொழிலுக்குப் போகவில்லை. கரையெல்லாம் திமிங்கிலம். தள்ளிவிட்டோம். திரும்ப வந்துவிட்டது.'